அப்பாவின் கொக்கி

மேசைமேல் கைப்பேசி அதிர்ந்தால் என் முதுகு இன்றைக்கும் பள்ளிக்கூடப் பையனைப்போல நிமிர்ந்துகொள்ளும். மணி அடித்தால் ஒன்றுமில்லை. அந்த "ர்ர்ர்ர்" என்கிற, ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல் தகரடப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டுபோல வருகிற அதிர்வுதான் என்னை ஆட்டிவைக்கும். போன வாரம் தேக்கா சந்தையில் தே தாரே தேநீர் ஆறிக்கொண்டிருக்க நான் சும்மா உட்கார்ந்திருந்தபோது அது அப்படி அதிர்ந்தது. என்னையறியாமல் "ஆமாம்பா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். எதிரே மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தன் தட்டை மெல்ல அந்தப் பக்கமாக நகர்த்திக்கொண்டார்.

அனுப்பியவன் கல் வெட்டும் பையன். சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் கடை வைத்திருக்கிறான். எங்கள் கிறிஸ்தவக் கோவிலின் அஸ்தி மாடத்தில் அப்பாவின் அஸ்திப் பெட்டியை மூடப்போகிற கருங்கல் பலகையின் மாதிரியைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான். பெயர், பிறப்பு, இறப்பு, அவற்றுக்குக் கீழே அம்மா சொல்ல நான் எழுதிக்கொடுத்த 'எங்களோடு பேசிக்கொண்டிருந்தார்' என்ற ஒரே வரி. படத்தின் அடியில், "அங்கிள், கடைசில ஃபுல்ஸ்டாப் வைக்கவா, இப்டியே விட்டுடவா? வெட்டிட்டா மாத்த முடியாது லா" என்று கேட்டிருந்தான்.

ஐம்பது வயதுக்காரன், அலுவலகத்தில் நாலு பேரை அதட்டுகிறவன், கடுகைவிடச் சிறிய ஒரு புள்ளிக்காக வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தேன். வைத்தால் என்ன, விட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாகக் கேளுங்கள். எங்கள் வீட்டில் கேள்விக்குறிக்குத் தனி மரியாதை உண்டு.

அப்போது நாங்கள் புக்கிட் பாத்தோக்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். எனக்குத் தொடக்கப்பள்ளியின் கடைசி ஆண்டு. தமிழ்ப் பயிற்சித்தாளில் 'ஏற்ற நிறுத்தக்குறியை இடுக' என்று ஒரு பகுதி வரும். வாக்கியங்களெல்லாம் வாலறுந்த பல்லிகளைப்போல வரிசையாகக் கிடக்கும். நாம்தான் ஒவ்வொன்றுக்கும் வால் ஒட்டவேண்டும். மற்றவர்களுக்கு அது கைவந்த கலை, எனக்கோ கைநடுங்கும் கலை. முதலில் எல்லாவற்றுக்கும் வியப்புக்குறி போட்டுப் பார்த்தேன். "ஏன்டா, உன் தாள்ல மட்டும் எல்லாரும் தீப்பிடிச்ச வீட்டுலேருந்து பேசுறாங்க" என்றார் ஆசிரியை. பிறகு ஓர் உபாயம் கண்டேன். புள்ளியை வைத்துவிட்டு, அதன் தலைக்குமேல் தெரிந்தும் தெரியாமலும் பென்சிலால் ஒரு வளைவு போட்டுவிடுவேன். முற்றுப்புள்ளி என்று நினைப்பவருக்கு முற்றுப்புள்ளி, கேள்விக்குறி வேண்டுபவருக்குக் கேள்விக்குறி. திருத்துகிறவரின் மனநிலையைப் பொறுத்தது. அவருடைய மனநிலை எப்போதும் ஒன்றாகத்தான் இருந்தது.

வீட்டில் எனக்கு இந்தத் தொல்லை கிடையாது. அப்பாவின் வாக்கியம் எந்த இடத்தில் முடிகிறது என்பது எங்களுக்கு மட்டுமல்ல, மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் தெரியும். ஜூரோங் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் அவர் "சிக்னல்மேன்". கிரேன் ஓட்டுகிறவர் வானத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பார். கீழே நின்றுகொண்டு, இரும்புத் தகட்டைத் தூக்கு, நகர்த்து, நிறுத்து, இறக்கு என்று கையாலேயே சொல்கிறவர் அப்பா. பகல் முழுவதும் அந்த இரைச்சலில் வாயை மூடிக்கொண்டு கையால் பேசியதற்கு ஈடாக, சாயங்காலம் வீட்டில் வாயால் பேசித் தீர்ப்பார். கோவிலில் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பவரும் அவர்தான். கடைசி வரிக்கு வரும்போது அவர் குரல் ஒவ்வொரு படியாக இறங்கும். கடைசிப் படியில் கால் வைத்த அந்தக் கணத்தில் கோவில் முழுக்க ஒரே வாயாக 'இறைவா உமக்கு நன்றி' என்று பதில் எழும். யாரும் புத்தகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அந்தக் குரல் இறங்குவதுதான் அடையாளம்.

அந்தக் குரலை அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். தொண்டையில் கட்டி, கட்டியோடு குரல்வளையும் போயிற்று. கழுத்தின் அடியில் மூச்சுவிட ஒரு துளை, அதை மறைக்க அம்மா தைத்த வெள்ளைத்துணி, கையில் ஒரு டார்ச் லைட் அளவுக்குக் கருவி. அதைத் தாடைக்குக் கீழே அழுத்திக்கொண்டு வாயசைத்தால், கருவியின் அதிர்வு சொல்லாக மாறி வெளியே வரும். நான் அதற்கு "வண்டு" என்று பெயர் வைத்தேன். பயந்தால் பட்டப்பெயர் வைப்பது என் சுபாவம்; அந்த ஆண்டு நான் ஏகப்பட்ட பட்டப்பெயர்கள் வைத்தேன். வண்டிடமிருந்து சொல்லெல்லாம் வந்தது, சும்மா சொல்லக்கூடாது. வராதது ஏற்ற இறக்கம்தான். கொஞ்சல், கோபம், கேலி, கெஞ்சல் எல்லாமே தோசைக்கல்லில் தேய்த்த மாவுபோல ஒரே மட்டத்தில் கிடந்தன. அப்பா பேசி முடித்துவிட்டாரா, மூச்சு வாங்குகிறாரா, கேட்கிறாரா, கடிந்துகொள்கிறாரா, ஒன்றும் பிடிபடாமல் நானும் அம்மாவும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்போம். பயிற்சித்தாளிலிருந்து தப்பித்து வீட்டுக்கு ஓடிவந்தால், வீடே பயிற்சித்தாளாகிவிட்டது.

இதனால் வீட்டுக்குள் முதலில் அடிபட்டவர் லூர்து மாமா. அம்மாவின் அண்ணன், பூன் லேயில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பீசாங் கோரெங் என்கிற வாழைப்பழ பஜ்ஜிப் பொட்டலத்தோடு வருவார், சரியாக நாங்கள் தட்டு வைக்கிற நேரத்துக்கு. அப்பா வாசலிலேயே, "என்ன மச்சான், உங்க வீட்டுல இன்னைக்கும் அடுப்பு எரியலயா?" என்பார். மாமா சிரிப்பார், நாங்களும் சிரிப்போம். எத்தனையோ ஆண்டுகளாக எங்கள் வீட்டு வாழ்த்து அதுதான். ஆபரேஷனுக்குப் பிறகு மாமா வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, அப்பா ஆசையாக வண்டை எடுத்து வைத்துக்கொண்டு அதையே சொன்னார். சொல்லில் ஓர் எழுத்துகூடக் குறையவில்லை, சிரிப்பு மட்டும் வரவில்லை. ஒரு கால் சப்பாத்தைக் கழற்றிய மாமா அப்படியே நின்றார். பிறகு அதை மறுபடி போட்டுக்கொண்டு, "நான் வரேன் தங்கச்சி" என்று அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுத் தாழ்வாரத்தில் நடந்தார். அப்பா பின்னாலேயே ஓடினார். ஆனால் ஓடுகிற மனிதனால் வண்டைக் கழுத்தில் சரியாக அழுத்த முடியாது. பின்னாலிருந்து கூப்பிட அவருக்குக் குரலும் இல்லை. மின்தூக்கிக் கதவு மூடிக்கொண்டது. சப்பாத்து அலமாரிமேல் மாமா வைத்துவிட்டுப்போன பொட்டலம் அன்று முழுக்க எண்ணெய் கசிந்துகொண்டே இருந்தது. அதை எடுக்க எங்கள் யாருக்கும் கை வரவில்லை.

மறுநாள் சாப்பிடும்போது அப்பா புதிதாக ஒன்று செய்தார். இடது கையில் வண்டு. வலது கை சும்மாதானே இருக்கிறது? பட்டறையில் அவருடைய கூட்டத்துக்குள் வழங்கிய சைகைகளில் மூன்றை எடுத்துக்கொண்டார். சொல்லி முடித்ததும் கையை முஷ்டியாக மூடினால் பேச்சு முடிந்தது. அதற்கு "மூடு" என்று பெயர். விரல்களை மலர்த்தினால் கேலி, சிரிப்பு, ஆச்சரியம், அது "விரி". ஆள்காட்டி விரலை கிரேனின் கொக்கிபோல வளைத்தால் கேள்வி. அது "கொக்கி". "கொக்கி வந்துச்சுன்னா நீ பதில் சொல்லணும், பாரத்தத் தொங்கவிட்டுட்டுப் போகக்கூடாது" என்று வண்டால் சொல்லி, மூடினார். அம்மா சாம்பார்க் கரண்டியைப் பிடித்தபடி முதல்தடவையாக அழாமல் அவரைப் பார்த்தாள்.

விளையாட்டாக இருந்தது, உண்மையைச் சொன்னால். பயிற்சித்தாளில் வாலறுந்த வாக்கியத்தைப் பார்த்தால் அப்பாவின் கையை நினைத்துக்கொள்வேன். கை மூடுகிறதா, விரிகிறதா, வளைகிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பேன். முழு மதிப்பெண் வந்தது. ஆசிரியை என் தாளை வெளிச்சத்தில் பிடித்து, பென்சில் வளைவு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடினார்.

அம்மா போய் அழைத்ததில் மாமாவும் திரும்பி வந்தார், பொட்டலத்தோடு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. அப்பா வண்டை எடுக்கவே இல்லை. வாசலில் நின்று மாமாவைப் பார்த்து, கையை மேலே தூக்கி, வெறும் கொக்கி போட்டார். மாமா அந்த வளைந்த விரலைப் பார்த்தார். "ஆமா மாப்ளே, இன்னைக்கும் எரியல" என்றார். இரண்டு சப்பாத்தையும் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். வாக்கியம் இல்லாமல் அதன் வாலை மட்டும் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் நடந்த முதல் பேச்சு அது.

அந்தத் தைரியத்தில்தான் அப்பா மறுபடியும் கோவிலில் வாசகம் வாசிக்கக் கேட்டார். ஃபாதர் உடனே சரி என்றுவிட்டார். மறுத்தது அம்மா. "எல்லாரும் உங்க கழுத்தத்தான் பாப்பாங்க, வேணாங்க" என்றாள். அப்பா, "பாக்கட்டும், கேக்கவும் கேக்கட்டும்" என்று சொல்லி மூடினார். அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: கடைசி வரியை முடித்து, கோவில் பதில் சொல்லக் கேட்கவேண்டும். வீட்டுக்கூடத்தில் நின்று அவர் வாசிப்பார். நான் தாழ்வாரத்தின் கோடியில் நின்று கேட்கிறதா என்று கை காட்டுவேன். பக்கத்துவீட்டுச் சீன அங்கிள் இரண்டு நாள் பொறுத்துவிட்டு, யார் வீட்டில் சுவரைத் துளைக்கிறார்கள் என்று விசாரிக்க வந்தார். விஷயம் தெரிந்ததும் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து வாசலில் போட்டு உட்கார்ந்து, ஒரு சொல்லும் புரியாமல் முழுவதையும் கேட்டார். அப்பாவுக்குக் கிடைத்த நல்ல ரசிகர்களில் அவர் ஒருவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் முன்வரிசையில் உட்கார்ந்தோம். அன்றைய வாசகத்தில் எல்லாவற்றையும் பறிகொடுத்த ஒரு மனிதன் கடவுளைப் பார்த்து அடுக்கடுக்காகக் கேட்கிறான். ஒலிபெருக்கி வழியாக வந்தபோது வண்டு பத்து மடங்கு வண்டாகிவிட்டது. ஒரு குழந்தை வீறிட்டது. பெரியவர்கள் தங்கள் சப்பாத்துகளைப் பார்க்கத் தொடங்கினார்கள். அப்பா அசரவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் வலது கையைத் தோளுக்குமேல் தூக்கி, கொக்கி, கொக்கி, மூடு, மறுபடி கொக்கி என்று, வானத்தில் இருக்கிற யாரோ ஒரு கிரேன்காரருக்குக் காட்டுவதுபோலக் காட்டிக்கொண்டே போனார். எனக்குப் பெருமை வர ஆரம்பித்திருந்தது. பெருமை வந்தால் நான் ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும்.

பக்கத்தின் அடிக்கு வந்துவிட்டார். மறுபக்கத்தில் இன்னும் சில வரிகள் இருந்தன. கனத்த தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. வலது கையால் பிரித்துப் பார்த்தார், வரவில்லை. இரண்டு கையாலும் பிரிக்கலாமென்று வண்டை வாசக மேடைமேல் வைத்தார். ஒலிபெருக்கியில் "டொக்" என்றது. அதற்குப் பிறகு நிசப்தம்.

ஸ்டெல்லா ஆன்ட்டி பாடகர் குழுவின் தலைவி. எங்களுக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவர், அப்பாவுக்காக உபவாசம் இருந்தவர். அவரைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அவர் செய்தது இரக்கம். அப்பாவின் பாடு முடிந்துவிட்டது, இனியும் அவரை அங்கே நிற்கவைக்கக்கூடாது என்று நினைத்து, உரத்த குரலில் 'இறைவா உமக்கு நன்றி' என்று ஆரம்பித்தார். கோவில் முழுக்க அவரோடு சேர்ந்துகொண்டது. அவ்வளவு கணீரென்ற பதில் அப்பாவின் நல்ல குரலுக்குக்கூட வந்ததில்லை; அத்தனை பேரும் அத்தனை நேரமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதற்காகத்தான் காத்திருந்திருக்கிறார்கள். கீபோர்டு வாசிக்கிற பையன் அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டான்.

"அவர் இன்னும் முடிக்கல" என்றாள் அம்மா, யாரிடமும் இல்லை, முன்னால் இருந்த முழந்தாளிடும் பலகையிடம்.

அதற்குள் தாள் பிரிந்துவிட்டிருந்தது. அப்பா வண்டை எடுத்துக் கழுத்தில் வைத்தார். பாட்டு நடந்துகொண்டிருந்தது. எழுந்து நின்று கத்தவேண்டும் என்று தோன்றியது. என் கால்கள் அந்தக் கருத்தை ஏற்கவில்லை. என் கை மட்டும் மடியிலிருந்து உயர்ந்து, தானாகவே அவரைப் பார்த்துக் கொக்கி போட்டது. 'என்னப்பா செய்ய' என்று அர்த்தம். கோவில் முழுவதிலும் அவர் அதை மட்டும்தான் பார்த்தார். பார்த்துவிட்டுப் புத்தகத்தைச் சாத்தினார். வலது கையை எனக்குத் தெரியும்படி நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, மெதுவாக, ஒவ்வொரு விரலாக மூடினார்.

சாயங்காலம் ஸ்டெல்லா ஆன்ட்டி கேக் கொண்டுவந்தார். "எவ்ளோ தைரியம்ணே உங்களுக்கு. அழகா முடிச்சீங்க" என்றார். அப்பா விரல்களை விரித்துக் காட்டினார். அவர் போனபிறகு, வீட்டிலிருந்த பூசைப் புத்தகத்தில் அந்த இடத்தைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து அப்பாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள் அம்மா. "மிச்சத்த எனக்குப் படிச்சுக் காட்டுங்க. நான் கேக்குறேன்" என்றாள். அப்பா அந்தப் பக்கத்தைப் பார்த்தார். மூடு.

அதற்குப் பிறகு வண்டு கொஞ்சம் கொஞ்சமாக மேசை இழுப்பறைக்குள் போயிற்று. வெளியாட்களிடம் எடுப்பதில்லை; பிறகு எங்களிடமும் எடுப்பதில்லை. வாக்கியங்கள் உதிர்ந்து, வால்கள் மட்டும் மிஞ்சின. நான் கதவருகே நின்றால் கொக்கி: எங்கே கிளம்பிட்டே. அம்மா அடுப்பருகே நின்றால் கொக்கி: என்ன சமையல். என் திருமணத்தில் விரி, என் மகள் பிறந்தபோது விரி, மாமா இறந்து அவர் சவப்பெட்டியருகே நின்றபோது ஒரு சின்னக் கொக்கி. அதற்கு என்ன வாக்கியம் என்று எனக்கும் அம்மாவுக்கும் சொல்லாமலே தெரியும். நாங்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம். இடமும் நேரமும் தெரிந்தால் போதும், முடிவை வைத்து முழுவதையும் ஊகித்துவிடலாம் என்று எங்கள் வீடு நம்பிக்கொண்டிருந்தது. அந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

போன வருஷம் ஆஸ்பத்திரியில் அந்தக் கர்வம் போயிற்று. நுரையீரல் சளி, கழுத்துத் துளையில் குழாய், வண்டுக்கு இடமும் இல்லை, வாயசைக்கத் தெம்பும் இல்லை. மத்தியானம் பார்வையாளர் நேரம். அம்மா கீழே சாப்பிடப் போயிருந்தாள். அப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, போர்வைக்கு வெளியே கையை எடுத்துக் கொக்கி போட்டார்.

தண்ணியாப்பா என்று கேட்டேன். கொக்கி. அம்மாவா, கீழதான் இருக்காங்க. கொக்கி. வலிக்குதா? ஃபாதரை வரச்சொல்லவா? லைட்டை அணைக்கவா? கொக்கி அப்படியே இருந்தது. பதறினால் எனக்கு நகைச்சுவை வந்துவிடும், அது ஒரு வியாதி, "என்னப்பா, எங்க வீட்டுல அடுப்பு எரியலயான்னு கேக்குறீங்களா?" என்றேன். சிரிக்கவில்லை. அன்று கோவிலில் படிக்காமல் விட்ட மிச்சமா என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பாரம் எதுவும் இல்லாமல் வெறும் கொக்கி மட்டும் வானத்தில் தொங்குவதுபோல அந்த விரல் படுக்கைக்குமேல் நின்றது. தொங்கவிட்டுவிட்டுப் போகக்கூடாது என்றல்லவா சொல்லியிருந்தார்? என்ன கேள்வியென்று தெரியாமலே, "ஆமாம்பா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். வளைந்த விரல் மெல்ல மடங்கி மற்ற விரல்களோடு சேர்ந்துகொண்டது. அவர் மூடினாரா, கை தளர்ந்து தானாக மூடிக்கொண்டதா என்று எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து எதைக் கேட்டாலும், எது அதிர்ந்தாலும், என் வாயில் அந்த "ஆமாம்பா" தயாராக நிற்கிறது.

வண்டின் பேட்டரி இழுப்பறையிலேயே வெடித்து, பச்சையாய்ப் பூத்துவிட்டது. கப்பல் பட்டறையில் இப்போது வாக்கிடாக்கி வைத்திருக்கிறார்களாம். கோவிலில் பெரிய திரை வந்துவிட்டது. மக்கள் சொல்லவேண்டிய பதில் அதற்குரிய நேரத்தில் மஞ்சள் எழுத்தில் தோன்றும், யாரும் முந்திக்கொள்ள முடியாது. என் மகளுக்கு நான் செய்தி அனுப்பினால், "ஏம்பா எப்பப் பாத்தாலும் ஃபுல்ஸ்டாப் வைக்கிறீங்க, கோவமா?" என்று கேட்கிறாள். அவள் கூட்டாளிகள் யாரும் வைப்பதில்லையாம். வாக்கியங்கள் மறுபடியும் வாலறுந்து அலைகின்றன. இந்தத் தடவை ஒட்டச்சொல்லி யாரும் மதிப்பெண் போடுவதில்லை.

தேக்காவிலிருந்தே அம்மாவைக் கைப்பேசியில் கூப்பிட்டு, கல்லில் கடைசியில் புள்ளி வைக்கலாமா என்று கேட்டேன். பின்னால் தாளிக்கிற சத்தம். அம்மா யோசிக்கவே இல்லை. "வேணாம்னு சொல்லு. அவர் இன்னும் முடிக்கல" என்றாள்.

பையனுக்கு வேண்டாம் என்று எழுதினேன். பழக்கதோஷத்தில் அதன் பின்னால் ஒரு புள்ளி விழுந்தது, அழித்துவிட்டு அனுப்பினேன். இந்தக் கட்டுரையின் கடைசியிலும் புள்ளி வைக்காமல் விட்டுவிடலாம் என்று ஓர் ஆசை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் எனக்குப் பயம். நான் விட்டுவிட்டால், பாவம், மறந்துவிட்டான்போல என்று இரக்கப்பட்டு வேறு யாராவது வைத்துவிடுவார்கள்.